அட்டை மாற்றும் நாள்

கடைசி அட்டையில் மை இன்னும் காயவில்லை. வாயால் ஊதினான்.

நீதிமன்றத்தின் குழந்தைகள் அறையில் மின்விசிறி பேருக்குத்தான் சுற்றியது. சுவரில் யாரோ வரைந்த முயல். பெஞ்சில் அவனைப் போலவே காத்திருக்கும் வேறு இரண்டு அப்பாக்கள்.

யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இன்றைய சொல் குடை. வரைந்துவிட்டான். மாதம் முழுக்க ஒரு நாள்கூட விடவில்லை.

நாளுக்கு ஒரு சொல். சொல்லுக்கு ஒரு படம். சீட்டுக்கட்டுச் சீட்டின் அளவுதான் அட்டை. பின்பக்கம் வரைந்தவர் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் பார்த்துவிட்டு அவன்தான் மகளிடம் சொன்னான். அவள் அங்கே அம்மா வீட்டில் வரைவது, இவன் இங்கே வரைவது, மாதக் கடைசியில் மொத்தமாக மாற்றிக்கொள்வது என்று பேச்சு.

சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் மட்டும் அவளைப் பார்க்க அனுமதி. மற்ற நாட்களுக்கு இந்த அட்டை இருந்தது.

அவளும் இப்போது இதே சொல்லைத்தான் வரைந்துகொண்டிருப்பாள். அப்படி நினைத்துக்கொண்டுதான் தினமும் பேனா மூடியைத் திறந்தான்.

அவன் மனைவி சுகந்தி வாசலோடு நின்றுவிட்டாள். மிதுனா மட்டும் ஓடி வந்தாள்.

"முடிச்சுட்டீங்களாப்பா?"

"முடிச்சாச்சு சாமி. நீயி?"

"எல்லாமே இருக்கு."

பாயில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டார்கள். அவன் வரைந்த யானையைப் பார்த்து அவள் சிரித்தாள். காது ஒன்று பெரிசாம்.

அவன் அவளுடையதை ஒவ்வொன்றாக எடுத்தான். நாற்காலி. சாவி. மழை. வண்ணம் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது. மழைக்குப் பச்சை அடித்திருந்தாள்.

அடுத்தது ஜன்னல். கம்பிகளின் நிழல் தரையில் சரியாகச் சாய்ந்து விழுந்திருந்தது.

"இது ரொம்ப நல்லாருக்கே. எப்புடி வரைஞ்ச?"

"அது சிபி அங்கிள் வரைஞ்சது."

திருப்பிப் பார்த்தான். சிபி. தேதி.

அடுத்த அட்டையிலும் சிபி. அதற்கடுத்ததிலும்.

"எனக்குக் காய்ச்சல் வந்துச்சில்லப்பா, அப்போ. அப்புறம் பரீட்சை. அம்மா விட்ருன்னாங்க. அங்கிள்தான், அப்பா தெனமும் வரைஞ்சுட்டு இருப்பாரு, நீ வெறுங்கையோட போகக் கூடாதுன்னு சொன்னாங்க. நான் தூங்குனப்புறமும் பக்கத்துலயே உக்காந்து வரைஞ்சாங்களாம்."

"உம் பேரப் போட்டிருக்கலாமே."

"நானும் சொன்னேன். அப்பாவ ஏமாத்தக் கூடாதுன்னுட்டாங்க."

காய்ச்சல் வந்ததே அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான். எப்போதோ விட்டுப்போன காய்ச்சல். அவள் கையைத் தள்ளிவிட்டு யானையை மறுபடி எடுத்தாள்.

போன வாய்தாவின்போது அவனுடைய வக்கீல் மேடம் கேட்டது மறுபடி காதில் ஒலித்தது. அந்த ஆளு அந்த வீட்லயேதான் இருக்காருன்னு காட்ட ஒண்ணுகூடவா இல்ல? தெரிஞ்சவரு, எப்பவாவது வந்துட்டுப் போவாருன்னு உங்க மனைவி எழுதிக் குடுத்திருக்காங்க. அது பொய்னு காட்டுனா புள்ள உங்க பக்கம் வரும்.

அவன் அட்டைகளை அடுக்கினான். ஓரங்களைத் தட்டி நேராக்கினான்.

நேரம் முடிந்தது என்று அறைப் பொறுப்பாளர் அம்மா வந்து சொன்னார்.

"அப்பா, அங்கிளுக்கு உங்க அட்டையில ஒண்ணு வேணுமாம். குடுக்கட்டா?"

"நீயே பாத்து எடுத்துக் குடு."

"என்ன சொல்லட்டும்?"

"நல்லா வரைஞ்சிருக்காருன்னு சொல்லு."

உண்மையாகத்தான் சொன்னான். அந்த ஜன்னலை அவனால் அப்படி வரைய முடியாது.

வெளியே ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்று அட்டைகளைப் பிரித்தான். மிதுனா பெயர் போட்டவை சட்டைப் பைக்குள் போயின. மற்றவை கையில் இருந்தன. அவைதான் அதிகம்.

வக்கீலைக் கூப்பிட்டான்.

"மேடம், கெடைச்சிருச்சு. அவன் கையெழுத்து, தேதி, எல்லாமே இருக்கு. ராத்திரிப் பூரா அங்கதான் இருந்திருக்கான்."

"நல்லதுங்க. யாரு குடுத்தாங்க?"

"பாப்பாதானுங்க."



"அப்ப ஜட்ஜு பாப்பாவத் தனியாக் கூப்புட்டுக் கேப்பாங்க. யாரு வரைஞ்சா, எந்த நேரத்துல வரைஞ்சா, அப்ப எங்க படுத்திருந்தாங்க, எல்லாம் அவ வாயால வரணும். அந்தப் பக்கத்து வக்கீலும் சும்மா இருக்க மாட்டாரு. பரவால்லைங்களா?"

சாலைக்கு அந்தப் பக்கம் சுகந்தி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பின்னால் உட்கார்ந்திருந்த மிதுனா திரும்பி அவனைத் தேடினாள். கண்டதும், யானை அட்டையைத் தலைக்கு மேல் பிடித்து ஆட்டினாள்.

அவனும் கையை ஆட்டினான்.

"பரவால்லைங்க மேடம்" என்றான்.