கடற்பஞ்சு கட்டிய வீடு

காட்டுப்பள்ளிக் கரையில் கரோலின் குடும்பத்தின் வீட்டை அதிகாரிகள் இடித்து, இடிபாட்டைக் கடலில் கொட்டியிருந்தார்கள். கரோலின் அதிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்துவந்தாள். அதன்மேல் கடற்பஞ்சு படர்ந்திருந்தது.

விலங்கியல் படிப்பவள் அவள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கடற்பஞ்சை மெல்லிய துணியில் வைத்துப் பிழிந்தாள். உயிரணுக்கள் தனித்தனியாகப் பிரிந்து, தட்டிலிருந்த கடல்நீர் கலங்கியது. கடற்பஞ்சுக்கு மூளையும் கிடையாது, நரம்பும் கிடையாது. ஆனாலும் பிரிந்த அணுக்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்து மறுபடியும் ஒரே உயிராகிவிடும். பாடத்தில் இருப்பதுதான்.

ஆனால் இவை நான்கு சுவராகச் சேர்ந்தன. நடுவில் ஒரு தடுப்பு, கிழக்கே வாசல். கரோலின் மறுபடியும் பிழிந்தாள். மறுபடியும் அதே வீடு.

தன் அம்மா சிலுவையம்மாளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துவந்து காட்டினாள். அந்த இடத்தில் வீடே இருந்ததில்லை என்று அதிகாரி சொன்ன நாளிலிருந்து, எம்.கே.பி. நகர் வாடகை வீட்டில் அம்மா பெட்டியைப் பிரிக்கவேயில்லை.

"நல்லா பாரும்மா. இன்னா தெரியுது?"

"நம்ம வூடு. இதுல இன்னா சந்தேகம்? வூடே இல்லன்னானே, அவன இட்டாந்து காட்டு."

கரோலின் வாசலருகே ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டாள். கடற்பஞ்சு அதை உள்ளே இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில், அடுப்பு இருந்த மூலையில் ஒரு துளை வழியாகச் சாயம் புகைபோல மேலே எழுந்தது.

சிலுவையம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடிக்க வந்த அன்னிக்கி, அடுப்ப அணைச்சிட்டு வெளிய வான்னான்," என்றாள். "நான் அணைக்கல."