தலைக்கு இவ்வளவு

நெல் வயலில் தண்ணீர் தேங்கி நின்றது. சேற்றிலிருந்து கிளம்பும் வாயுவைப் பிடித்து அளக்க, பயிரின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தில், காக்கா விரட்டும் வைக்கோல் பொம்மை நின்றது. நடவுக்கு வரும் காத்தாயி வீட்டில் விரிசல் விட்ட சோற்றுப் பானைதான் அதன் தலை.

“இந்த வாயு பூமியைச் சூடாக்குகிறது, தெரியுமா? நாட்டில் எல்லா வயலிலும் கிளம்புவதைக் கூட்டி, அதற்கான பொறுப்பை ஜனங்களுக்குப் பிரித்துவிடுவோம். தலைக்கு இவ்வளவு!” என்று பெட்டி பெருமையடித்தது.

“யார் தலைக்கு?” என்று பொம்மை சீறியது.

“எல்லார் தலைக்கும். சமமாக.”

“விருந்தில் பாதிச் சோற்றோடு இலையை மூடுகிறவனுக்கும், இங்கே நாள் பூராவும் குனிந்து நட்டுவிட்டு ரேஷன் அரிசிக்கு வரிசையில் நிற்கிற காத்தாயிக்கும் ஒரே பங்கா? அவள் வீட்டில் நான் பானையாக இருந்தபோது பாதி நாள் கவிழ்ந்துதானே கிடந்தேன்!”

“கணக்குக்கு எல்லாத் தலையும் ஒன்றுதான்.”

“அப்படியா? அறுத்த நெல்லையும் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பீர்களா?”

பெட்டி பதறிப்போனது. “அதெப்படி? நெல், வயலுக்குச் சொந்தக்காரருடையது.”

“வாயு?”

“அது பொது.”

காற்றே அடிக்கவில்லை. ஆனாலும் பொம்மையின் கிழிந்த சட்டைக் கை படபடவென்று அடித்துக்கொண்டது.

“அப்படியானால் என் தலையையும் சேர்த்துக்கொள்! பங்கை வாங்கிக்கொண்டு சோறு கேட்காத தலையைத்தானே நீங்கள் தேடுகிறீர்கள்?”