அரசனை வெட்டிய பிறகு

"அரசனை வெட்டினாப் பிறகு நாட்டை ஆர் பாத்தது?" என்று போன ஞாயிற்றுக்கிழமை றோஸ்மலர் கேட்டாள்.

"வேறை ஆர்? மனிசிதான்," என்றார் பெனடிக்ற்.

கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பிரித்தானியக் குடியுரிமைச் சோதனைக்குப் படிப்பிக்கச் சொல்லி பெனடிக்ற்றை அவளிடம் ஒப்படைத்தவர் பங்குச் சுவாமி. அந்த நாட்டுச் சரித்திரத்தில், அரசனின் தலையை வெட்டிய இந்த இடத்தில்தான் அவர் ஒவ்வொரு முறையும் சறுக்கினார்.

இன்று சோதனை. மிச்சம் என்ற தரிப்பில் ட்ராம் ஏறி, பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

பாஸ்போட் கைக்கு வந்ததும் மன்னாருக்கே போய்விடப் போவதாக அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். இங்கே எனக்கு ஆர் இருக்கினம் என்பார்.

றோஸ்மலர் கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள். ஒவ்வொரு தரிப்பிலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

கடைசியில் அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

"கவுன்சில் ஒஃப் ஸ்டேட் எண்டு முதல்ல நாப்பத்தொரு பேர். பிறகு பாராளுமன்றத்தை ஆமிக்காரர் கலைச்சவை. பிறகு பொறுக்கியெடுத்த ஆக்களின்ரை சபை. அரை வருசத்தில ஏலாதெண்டு அதிகாரத்தைத் திருப்பிக் குடுத்திட்டினம். பிறகு லோட் புரொட்டெக்டர் எண்டு ஒராள், அவருக்குப் பிறகு மகன்."

பாடப்புத்தகத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார்.

பாஸாகிவிடுவார். அவள் மறுபடி சிப்பைத் திறந்தாள்.

"பிறகு நடந்ததைக் கேக்கேல்லையே, ரீச்சர்?"

எந்தச் சபையும் நிலைக்காமல், துரத்திய அரசகுமாரனையே கப்பல் அனுப்பி அழைத்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அவளுடைய வீட்டையும் நாலு வருசமாகச் சபைகள்தான் ஆண்டன. முதலில் தமையன்மார். அவர்கள் சலித்துப் போக, மகள் கிளறிற்றா. ஆட்சி மாறினாலும் சட்டம் மாறவில்லை: குடியை விட்டிட்டன் என்று வந்து நின்றாலும் துரத்திய அந்த ஆளை உள்ளே எடுக்கக் கூடாது.

அவர் குடியை விட்டு மூன்று வருசம். அது அவளுக்கும் தெரியும்.

குறோய்டன் வந்தது. பெனடிக்ற் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கினார்.

நாலு வருசமாக அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். இப்போது, கலியாணமான நாளிலிருந்து கூப்பிட்டு வந்த பழைய சொல் தானாக வந்தது.

"இஞ்சருங்கோ."

அவர் திரும்பினார்.

"பாஸோ பெயிலோ, சோதனை முடிய வீட்டை வாங்கோ. எங்கட வீட்டை."