நாலாவது முறைப்பாடு

அழைப்பு மணியை அழுத்தும்போதே ஜதுர்ஷிகாவுக்குக் கோபம் மூக்குக்கு மேலே நின்றது.

செல்வமலருக்கு எழுபத்தொன்பது வயது. கணவர் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. ஞாபகம் தடுமாறத் தொடங்கியதும், அவரையும் அந்த லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, கணவரின் சிநேகிதர் வாமதேவனிடம் நீதிமன்றம் ஒப்படைத்திருந்தது.

அந்த மனிதர்மேல் இது நாலாவது முறைப்பாடு. ‘சாப்பாடு தாறேல்லை. எட்டியும் பாக்கிறேல்லை. ஆளை மாத்துங்கோ’ என்று செல்வமலரின் பெயரில், முத்து முத்தான தமிழ்க் கையெழுத்தில் ஒரு கடிதம்.

முன்பு விசாரிக்க வந்த மூன்று பேருக்கும் தமிழ் தெரியாது. இந்த முறை நீதிமன்றம் ஜதுர்ஷிகாவை அனுப்பியிருந்தது. உண்மை என்று அவள் ஒரு வரி எழுதினால் போதும், வாமதேவனின் பொறுப்பு பறிபோய்விடும். எழுதுவதென்றுதான் வந்திருந்தாள்.

செல்வமலர் கதவைத் திறந்தார்.

“தமிழ்ப் பிள்ளையோ! வாங்கோ, வாங்கோ!”

ஜதுர்ஷிகா நேரே குசினிக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தாள். மீன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி என்று ஒவ்வொரு பெட்டியிலும் கிழமை எழுதி ஒட்டியிருந்தது.

“இதெல்லாம் ஆர் சமைச்சது அன்ரி?”

“வாமதேவன் தம்பிதான். ஹவுன்ஸ்லோவில ஷிப்ட் முடிச்சுப்போட்டு நேரே இஞ்சதான் வருவார். கிழமைக்கு நாலு நாள்.”

இப்போது கோபம் ஆள் மாறியது. இவ்வளவு செய்கிறவர்மேல் வாய் கூசாமல் பழி போடுவார்களா?

“அப்ப ஏன் பொய் முறைப்பாடு குடுத்தனீங்கள்? அவரை மாத்திவிட்டால் உங்களை ஆர் பாக்கிறது?”

செல்வமலர் காது கேட்காதவர்போல ஒரு கப் தேத்தண்ணியையும் முறுக்குத் தட்டையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

“தேத்தண்ணி குடியுங்கோ பிள்ளை. போன முறை வந்த வெள்ளைக்காரப் பிள்ளையும் ரெண்டு கப் குடிச்சவ. அது மாசியில. அதுக்குப் பிறகு, தம்பியை விட்டால் இந்த வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை.”

இது ஆவணி. இடையில் ஆறு மாதம். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு ஓட வந்த ஜதுர்ஷிகா, பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். இரண்டாவது தேத்தண்ணியும் முடிந்து, மூன்றாவதும் வந்தது. செல்வமலர் கதைத்துக்கொண்டே இருந்தார்.

புறப்படும்போது படிவத்தை நீட்டினாள்.

“அன்ரி, நான் வந்து போனதுக்கு இதில ஒரு கையெழுத்து வையுங்கோ.”

“ஏலாது பிள்ளை. கை நடுங்குது. நான் பேனை பிடிச்சே ரெண்டு வருஷம்.”

ஜதுர்ஷிகா பையிலிருந்து முறைப்பாட்டை எடுத்தாள். “அப்ப இதை ஆர் எழுதினது?”

“வாமதேவன் தம்பிதான். எனக்கு அவரைப் பற்றிக் கூடாமல் சொல்ல வாய் வராது. அவர்தான், ‘நல்லாய் என்னைத் திட்டினால்தான் அக்கா, கெதியாய் ஆள் அனுப்புவினம்’ எண்டுபோட்டு, தானே எழுதுவார்.”