முதலில் புதியவர்

முதலில் நான்தான் பேச வேண்டுமாம்.

நகர்மன்ற உறுப்பினரான பிறகு எனக்கு அது முதல் கூட்டம். நாற்காலிகூட இன்னும் சூடாகவில்லை. அதற்குள் எழுத்தர் என் பக்கம் திரும்பி, புதியவர் கருத்தைச் சொல்லலாம் என்றார்.

விஷயம் இதுதான். பேருந்து நிலையத்தில் இருக்கும் பெண்கள் கழிப்பறையை இடித்துவிட்டு அங்கே கடைகள் கட்டலாம் என்பது தலைவர் கொண்டுவந்த திட்டம். நான் பஸ் கண்டக்டர். அது போனால் எங்கள் கதி என்ன என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் தலைவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னதே அந்த அம்மாதான். அவருடைய இடது புருவம் ஏறினால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது ஏறியிருந்தது.

நெரிசலில் பின்படியிலிருந்து முன்படி வரை கேட்கும்படி கத்துகிறவள் நான். இங்கே வாயே வரவில்லை.

நேரத்தைக் கடத்த ஒரு கேள்வி கேட்டுவைத்தேன். பெரியவர்கள் எல்லோரும் இருக்க, ஒன்றும் தெரியாத புதியவள் ஏன் முதலில் பேச வேண்டும்? யார் வைத்த விதி இது?

கேட்ட பிறகுதான் நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

அவரவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். புதியவர்களைக் கலாய்க்கத்தான் என்றார் ஒருவர். பெரியவர்கள் தூங்கி எழ நேரம் வேண்டாமா என்றார் இன்னொருவர். எனக்கு முன்பு புதியவராக இருந்த மருந்துக்கடைக்காரர் மட்டும், தன்னையும் இப்படி முதலில் பேசவைத்த கடுப்பில் தேடிப் படித்ததாகச் சொல்லி ஆரம்பித்தார்.

நம்முடைய இந்தக் குட்டி நாடு உருவான வருஷம். முதல் சபை. பெரிய தலைவர் எழுந்து, பெண்களுக்கு ஓட்டு இப்போதைக்கு வேண்டாம் என்றாராம். அவரே சொன்ன பிறகு யார் மறுப்பது? வரிசையாக எல்லோரும் ஆமாம் சாமி போட்டிருக்கிறார்கள். கூட்டம் முடிந்து படியிறங்கும்போதுதான், எனக்கு இதில் இஷ்டமே இல்லை என்று ஒருவர் காதில் ஒருவர் முணுமுணுத்தார்களாம். பாதிப் பேருக்கு மேல் அப்படித்தானாம்.

அந்த முணுமுணுப்பைச் சபைக்குள் கொண்டுவர ஒரு தலைமுறை பிடித்தது. பெண்களுக்கு ஓட்டு கொடுத்த அன்றைக்கே இந்த விதியையும் எழுதினார்கள். நாட்டில் எந்தச் சபையானாலும் புதியவர் முதலில், தலைவர் கடைசியில்.

அந்த அறையில் பெண்கள் இரண்டே பேர். நானும் தலைவரும்.

புருவத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னேன்.

"இடிக்கக் கூடாதுங்க. டூட்டி நாள்ல நாங்க தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்கிறோம். இருக்கிற ஒண்ணையும் எடுத்துட்டா எங்க போறது?"

மருந்துக்கடைக்காரர் என் பக்கம் சேர்ந்தார். அடுத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தனக்கும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை என்றார். அப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாகப் பேசிய தலைவர், தன் திட்டமே சரி என்றார். தோற்றார். கையெழுத்துப் போட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

படியிறங்கும்போது ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தேன். பின்னாலேயே அவருடைய செருப்புச் சத்தம். இன்றைக்கு இருக்கிறது எனக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

எப்போதும் போல என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பாதி தூரம் போனதும், ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டார்.

உங்கள் இஷ்டம் அத்தை என்றேன். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து நான் சொல்லும் ஒரே பதில் அதுதான்.

என் தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"நீ முதல்ல சொல்லு."