ஒடெஸ்ஸாவிலிருந்து போன்

"அக்கா, ரஷ்யாவுலேருந்து உங்க வேலுமணி! எங்க வூட்டு போன்ல இருக்கான், சீக்கிரம் வாங்க!" என்று எதிர் குவார்ட்டர்ஸ் சந்திரா கூப்பிட்டதும், நாகம்மாள் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினாள்.

மைன்ஸில் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் மருதமுத்து முந்திக்கொண்டு போய் ரிசீவரை எடுத்தார். ஒடெஸ்ஸாவில் எஞ்சினீயரிங் படிக்கப் போன மகன் இதுவரை கடிதம்தான் போட்டிருக்கிறான். அவன் குரல் அருகில் நின்ற நாகம்மாளுக்கும் கணீரென்று கேட்டது.

"அப்பா, பாஷை புரியல, பாடம் ஏறல. என்னால முடியலப்பா. வந்துடறேன்."

"வருவியா? குவார்ட்டர்ஸ் பிளாக்கே கூடி மாலை போட்டு அனுப்பிச்சுதுடா! பட்டம் இல்லாம என் வாசப்படிய மிதிக்காதே. அந்த ஊர் கடல்லயே விழுந்து சாவு!"

ரிசீவரை மனைவி கையில் திணித்துவிட்டு, விறுவிறுவென்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அப்பா சொன்னத கேட்டியாம்மா? அப்படியே செஞ்சுடறேன்."

"ஐயோ, அப்படிச் சொல்லாத கண்ணு! அத்தனை தூரத்துல இருக்கியே, நான் எப்படிடா ஓடிவந்து உன்னப் பிடிப்பேன்?"

அப்போதுதான் மைன்ஸில் ஷிப்டுக்கு முதல் சங்கு ஊதியது. ஜன்னல் வழியாக ஒரு காதில் விழுந்த அதே சங்கு, ரிசீவர் வழியாக மறு காதிலும் ஊதியது.

நாகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சந்திராவுக்குக் கேட்காதபடி ரிசீவரைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்பா வர ராத்திரி ஆகும். பின்கதவத் திறந்தே வைக்கிறேன். அடுப்புல சோறு வெந்துக்கிட்டிருக்கு சாமி... வந்து சாப்பிடு."