ஆளைக் கண்டால் ஓடாத மீன்கள்

எங்கள் குடும்பத்து மீன்குஞ்சுப் பண்ணையை மருமகள் நவீனமாக்கிவிட்டாள். இரை போடுவது இப்போது இயந்திரம். மனிதர் கையால் தின்று பழகிய மீன், ஆற்றில் விட்ட அன்றே தூண்டில்காரர்களிடம் மாட்டிவிடுமாம், இனம் பெருகாதாம்.

இன்று கடைசித் தொட்டியில் தவிடு மிதந்தது.

“யாரோ திருட்டுத்தனமா கையால போட்டிருக்காங்க, மாமா. இதுங்களை எப்படி ஆத்துல விடறது?”

“வேற யாரு? சாவி இவன்கிட்டதானே இருக்கு!” காவலாளியைக் காட்டினேன். “நம்ம பண்ணைப் பேரைக் கெடுக்கவே வந்திருக்கான். இன்னைக்கே வேலையை விட்டு அனுப்பும்மா.”

“சத்தியமா நான் இல்லீங்கய்யா. இந்த வேலையை நம்பித்தான் என் வீடே இருக்கு.”

அவன் தொட்டியை எட்டிப் பார்த்தான். மீன்கள் வெருண்டு மூலைக்கு ஓடின. மருமகள் எட்டிப் பார்த்தாள். அப்போதும் அவை மூலையை விட்டு வரவில்லை.

“நடிக்குதுங்க,” என்றேன்.

“மீன் நடிக்குமா, மாமா?” அவள் என்னையே பார்த்தாள். “நீங்களும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்களேன்.”

“யார் முன்னாலும் குனிஞ்சு எனக்குப் பழக்கமில்லை.”

விறைப்பாகச் சொல்லிவிட்டு, தொட்டியைக் கடந்து வாசலுக்கு நடந்தேன். என் நிழல் தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், மூலையில் பதுங்கியிருந்த அத்தனை மீன்களும் வாயைப் பிளந்துகொண்டு என் பக்கம் பாய்ந்து வந்தன.